அலமோ பெட்டியில் ஜோவுக்கு இடமில்லை

போன வருடம் வேலை விஷயமாக ஆறு மாதம் ஹூஸ்டனில் இருந்தேன். எண்ணெய், எரிவாயுத் துறையில் இருக்கும் மலேசிய எஞ்சினியர்களுக்கு ஹூஸ்டன் பழக்கப்பட்ட பெயர். எனக்கு அந்த வாய்ப்பு இருபத்தெட்டு வயதில் வந்தது. ஐந்து நாள் வேலை. வாரக் கடைசியில் பக்கத்து ஊரான சுகர் லேண்டில் இருக்கும் பெரியம்மா மகள் வீடு. அக்கா கிள்ளான்காரி, அத்தான் திருச்சிக்காரர். அவர்கள் மகளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. டெக்சாஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பிலும் பிறகு ஏழாம் வகுப்பிலும் பிள்ளைகள் தங்கள் மாநில வரலாற்றைப் படிக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பள்ளியில் ஒரு புரோஜெக்ட் கொடுத்திருந்தார்கள். காலணிப் பெட்டிக்குள் அலமோவைச் செய்துகொண்டு போக வேண்டும். "மாமா, நீங்க எஞ்சினியர்தானே?" என்று கேட்டாள். மாட்டிக்கொண்டேன்.

அலமோ தெரியாதவர்களுக்கு: சான் அன்டோனியோ நகரில் உள்ள பழைய ஸ்பானிய மிஷன் வளாகம் அது. அப்போது டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதி. 1836 பிப்ரவரி 23 முதல் மார்ச் 6 வரை, மெக்சிகோவுக்கு எதிராகக் கிளம்பியவர்களில் சுமார் இருநூறு பேர் அதற்குள் இருந்தார்கள். ஜெனரல் சாந்தா அன்னாவின் படை வெளியே முற்றுகையிட்டது. பதின்மூன்றாம் நாள் விடிவதற்குள் மதில் விழுந்தது. உள்ளே நின்று போராடியவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே கொல்லப்பட்டார்கள். டெக்சாஸ்காரர்களுக்கு இதுதான் புராணம்.

மதிலுக்கு அட்டை வெட்டினேன். அவள் பிளாஸ்டிக் பொம்மைகளுக்குப் பெயர்ச் சீட்டு எழுதினாள். தளபதி டிராவிஸ், ஜிம் பொவி, டேவி கிராக்கெட். ஒரு பொம்மை மிஞ்சியது. "இன்னொருத்தர் பேரு சொல்லுங்க மாமா." கைப்பேசியில் தேடினேன். ஜோ கிடைத்தான்.

ஜோ, டிராவிஸின் அடிமை. இருபது வயதைச் சுற்றி இருக்கும். தாக்குதல் தொடங்கியதும் எசமானனோடு வடக்கு மதிலுக்கு ஓடியவன். டிராவிஸ் குண்டடிபட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன். உயிர் பிழைத்து வந்து டெக்சாஸ் அரசின் அமைச்சர்கள் முன்னால் நடந்ததைச் சொன்னவன். டிராவிஸ் எப்படிச் செத்தார் என்று இன்று டெக்சாஸ் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் இவன் வாயிலிருந்து வந்தது. சாட்சி சொல்லி முடித்ததும் அவனை என்ன செய்தார்கள்? டிராவிஸின் சொத்துக் கணக்கில் சேர்த்தார்கள். ஏனென்றால் அவன் சொத்து. அடுத்த வருடம் ஏப்ரல் 21ஆம் தேதி, டெக்சாஸின் வெற்றிப் போரான சான் ஜசிண்டோவின் முதலாண்டு நிறைவு நாளில், அவன் தப்பி ஓடினான். பிடித்துக் கொடுப்பவருக்கு ஐம்பது டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

இதைச் சுருக்கிச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு 'ஜோ' என்று சீட்டு எழுதி ஒட்டி, டிராவிஸுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா பெட்டியைப் பார்த்தாள். "இது யாரு புதுசா?" பிள்ளை விளக்கினாள். "அதெல்லாம் எதுக்கு? டீச்சர் குடுத்த லிஸ்டுல இருக்கா?" அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்னப் புள்ளப்பா. இப்ப இதெல்லாம் வேணாம். பெரிசானா தெரிஞ்சுக்கட்டும். அதுவுமில்லாம, இவங்க சண்டை நமக்கு எதுக்கு?" ஜோ பிய்த்தெடுக்கப்பட்டான். நான் விருந்தாளி. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பெட்டிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

ஜோவை எடுத்தது பள்ளி இல்லை. அந்த ஆசிரியைக்கு அப்படி ஒரு பொம்மை இருந்ததே தெரியாது. எடுத்தது எங்கள் வீடு. அத்தான் சொன்ன மூன்று வாக்கியங்களையும் நான் டெக்சாஸில் மட்டுமா கேட்டிருக்கிறேன்? பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தைப் பற்றிப் பேச்சு வரும் இடமெல்லாம் இந்த மூன்றும்தான் ஓடுகின்றன. அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னப் புள்ள

முதலில் வயது. அடிமை முறை, கொலை, கொடுமை எல்லாம் ஒன்பது வயதுக்குத் தாங்காது என்கிறார்கள். சரி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது? இருநூறு பேர் சாகப்போகும் காட்சி. செத்தவர்களின் உடல்களை சாந்தா அன்னா அடுக்கி எரிக்கச் சொன்னதும் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவளேதான் எனக்குச் சொன்னாள், சாப்பிட்டுக்கொண்டே. சான் ஜசிண்டோ போரைப் பற்றியும் சொன்னாள். பதினெட்டு நிமிடத்தில் டெக்சாஸ் ஜெயித்ததாம். அந்தப் பதினெட்டு நிமிடம் முடிந்த பிறகும் சதுப்பு நிலத்தில் ஓடிய மெக்சிகோ வீரர்களைத் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். மெக்சிகோ பக்கம் அறுநூறுக்கு மேல் செத்தார்கள், டெக்சாஸ் பக்கம் ஒன்பது பேர். அந்த இடத்தில் வாஷிங்டன் நினைவுத் தூணைவிட உயரமான ஒரு தூண் நிற்கிறது. பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள்.

ஆக, பிள்ளைக்குச் சாவு தாங்கும். படுகொலை தாங்கும். எரியும் பிணம் தாங்கும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொத்தாக இருந்தான் என்பது மட்டும் தாங்காதா? இது வயதுக் கணக்கு இல்லை. எந்தச் சாவைச் சொன்னால் பெரியவர்களுக்குப் பெருமை, எதைச் சொன்னால் சங்கடம் என்கிற கணக்கு. நம்முடைய சங்கடத்துக்குப் பிள்ளையின் வயதைக் காரணம் காட்டுகிறோம்.

இங்கே ஒருவர் குறுக்கே வரலாம். டெக்சாஸ் பாடத்திட்டத்தில் அடிமை முறை இருக்கிறதே, மறைக்கவில்லையே என்று. உண்மைதான், இருக்கிறது. ஜூன்டீன்த் நாளும் இருக்கிறது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தும், டெக்சாஸில் அது அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19இல்தான், கால்வெஸ்டன் துறைமுகத்தில். அந்த நாளை 1980 முதல் மாநில விடுமுறையாக வைத்திருப்பதும் டெக்சாஸ்தான். ஆனால் பிள்ளையின் பயிற்சித்தாளில் பார்த்தேன். "டெக்சாஸ்காரர்கள் எதற்காகப் போராடினார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சுதந்திரம். அடிமை முறை வேறு பாடத்தில், வேறு தாளில். இரண்டையும் இணைக்கும் வயர் அறுந்து கிடக்கிறது. சுவிட்ச் இருக்கிறது, பல்பு இருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வரும்?

அந்த வயர் இதுதான். மெக்சிகோவின் அதிபர் விசென்டே குவேரேரோ 1829இல் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டார். அமெரிக்காவிலிருந்து பருத்தி பயிரிட அடிமைகளோடு வந்து குடியேறியவர்கள் பதறினார்கள். டெக்சாஸுக்கு மட்டும் விலக்கு வாங்கப்பட்டது. அது போதாதென்று, அடிமைகளைக் காகிதத்தில் 'ஒப்பந்த வேலையாட்கள்' ஆக்கிக் காலமெல்லாம் கட்டிவைக்கும் தந்திரமும் நடந்தது. 1830 ஏப்ரலில் மெக்சிகோ அமெரிக்கக் குடியேற்றத்துக்கே தடை போட்டது. அதன் பிறகும் எல்லை தாண்டி வந்துகொண்டே இருந்தார்கள். இன்றைய டெக்சாஸ் அரசியலில் எல்லை தாண்டி வருகிறவர்களை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

1836இல் சுதந்திர டெக்சாஸ் தனக்கென்று ஓர் அரசியல் சட்டம் எழுதியது. அலமோ முற்றுகையில் இருந்த அதே மார்ச் மாதத்தில் எழுதப்பட்டது அது. அடிமையாக வந்தவர் அடிமையாகவே இருப்பார். குடியேறுகிறவர் அடிமைகளைக் கொண்டு வருவதை நாடாளுமன்றம் தடுக்க முடியாது. அடிமைகளை விடுவிக்கும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. விடுதலை பெற்ற கறுப்பர் நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் அந்த நாட்டில் நிரந்தரமாக வசிக்கவும் முடியாது. நான் எந்தப் பக்கமும் சாய்ந்து சொல்லவில்லை. அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டது. அந்தக் காகிதத்தில் ஜோவுக்கு என்ன இடம் என்று ஒன்பது வயதுப் பிள்ளை கேட்பாள். கேட்டுவிடுவாளே என்பதுதான் பயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நானும் அதே பெட்டியைத்தான் செய்கிறேன். அந்தப் போருக்கு அடிமை முறை மட்டும் காரணம் இல்லை. சாந்தா அன்னா 1824ஆம் ஆண்டுக் கூட்டாட்சி அரசியல் சட்டத்தைத் தூக்கிப்போட்டு அதிகாரத்தை மையத்தில் குவித்தார். எதிர்த்த சகடேகாஸ் மாநிலத்தைப் படை அனுப்பி நசுக்கினார். டெக்சாஸில் பிறந்த மெக்சிகோக்காரர்களான டெஹானோக்களில் சிலரும் அவருக்கு எதிராக நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஹுவான் செகின். சான் ஜசிண்டோவில் டெக்சாஸுக்காகச் சண்டை போட்டவர். அலமோவில் எரிக்கப்பட்டவர்களின் சாம்பலை எடுத்து அடக்கம் செய்தவர். சான் அன்டோனியோவின் மேயர் ஆனவர். 1842இல், புதிதாக வந்த குடியேறிகளின் பகையும் துரோகிப் பட்டமும் துரத்த, மெக்சிகோவுக்கே ஓட வேண்டியதாகிவிட்டது. இந்த ஒரு மனிதரின் கதையை ஒழுங்காகச் சொன்னால் போதும், நல்லவர் கெட்டவர் பட்டியல் தானாக உடைந்துபோகும். நான்காம் வகுப்புப் பாடத்திட்டத்தில் செகினின் பெயர் இருக்கிறது. ஆனால் மெக்சிகோவுக்கு ஓடிய செகினைப் பிள்ளைக்குத் தெரியவில்லை. சான் ஜசிண்டோவில் ஜெயித்ததோடு அவள் அறிந்த செகின் முடிந்துவிடுகிறார்.

பெரிசானா தெரிஞ்சுக்கட்டும்

எப்போது பெரிதாவாள்? யார் சொல்லுவார்கள்? ஏழாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் அலமோவில் செத்தவர்களைக் குறிக்கும் 'வீரம் மிக்க' என்ற அடைமொழியை எடுத்துவிடலாம் என்று 2018இல் ஓர் ஆலோசனைக் குழு சொன்னது. ஒரே ஒரு சொல். மாநில ஆளுநரே எதிர்த்துக் கிளம்பினார். வீரம் பாடத்திட்டத்திலேயே தங்கிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில்தான், உள்நாட்டுப் போருக்கு அடிமை முறையின் விரிவாக்கம் மையக் காரணம் என்பதைப் பாடத்திட்டம் ஏற்றுக்கொண்டது. அதுவரை அது பட்டியலில் மூன்றாவதாக இருந்தது. 1861இல் டெக்சாஸ் அமெரிக்காவை விட்டுப் பிரிந்தபோது, தன் பிரகடனத்திலேயே அடிமை முறையைக் காக்கத்தான் பிரிகிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருந்தது. தாங்களே எழுதியதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல 157 ஆண்டுகள். 'பெரிசானா' என்பதன் நீளம் அவ்வளவு.

2015இல் நடந்தது இன்னும் பக்கத்தில். மீனாட்சி அம்மன் கோயில் இருப்பதால் ஹூஸ்டன் தமிழர்கள் எல்லாருக்கும் பியர்லாந்து ஊரைத் தெரியும். அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தன் புவியியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினார். குடியேற்றம் பற்றிய பக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களை அது 'தொழிலாளர்கள்' என்று சொன்னது. அந்த அம்மா சும்மா இருக்கவில்லை, ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசினார். பெரிய பதிப்பகமான மெக்ரா-ஹில் தவற்றை ஒப்புக்கொண்டு வாசகத்தை மாற்றியது. 1830களில் அடிமையை 'ஒப்பந்த வேலையாள்' என்று எழுதினார்கள். 2015இல் 'தொழிலாளி' என்று எழுதினார்கள். காகிதம்தான் மாறியிருக்கிறது.

2021இல் சட்டமே வந்தது. அமெரிக்காவின் உண்மையான அடிப்படைக் கொள்கைகளிலிருந்து வழுவிப்போனதுதான் அடிமை முறையும் இனவெறியும், அதற்கு மேல் வேறொன்றாக அவற்றைக் கற்பிக்கக்கூடாது என்று டெக்சாஸ் சட்டமன்றம் எழுதியது. இப்போது ஓர் ஆசிரியையின் இடத்தில் நின்று பாருங்கள். சட்டம் பேசுவது அமெரிக்காவைப் பற்றி. அவர் கையில் இருப்பதோ 1836இன் டெக்சாஸ் அரசியல் சட்டம். அதில் அடிமை முறை வழுவல் இல்லை, விதி. இதைச் சொல்லலாமா, கூடாதா? வேலை போகுமா? பயத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதே 2021இல் '1836 புராஜெக்ட்' என்று ஒரு குழு அமைத்து, டெக்சாஸ் பற்று வளர ஒரு கையேடு தயாரித்து, புதிதாக லைசென்ஸ் எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 2025இல் மாநிலக் கல்வி வாரியம் சமூகப் பாடத்திட்டத்தையே புதிதாக அமைக்கத் தொடங்கியது. டெக்சாஸ், அமெரிக்க வரலாற்றுக்கு இடம் கூடுகிறது. உலக வரலாற்றுக்குக் குறைகிறது.

பற்று வேண்டாமா என்று கேட்பார்கள். அக்கா மகள் தினமும் காலையில் இரண்டு கொடிக்கு உறுதிமொழி சொல்கிறாள், அமெரிக்காவுக்கு ஒன்று, டெக்சாஸுக்கு ஒன்று. மனப்பாடம். டெக்சாஸ் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். அவளுக்கு அந்த ஊர் மீது இருக்கும் பாசம் உண்மையானது. ஜோவைத் தெரிந்துகொண்ட சனிக்கிழமைக்குப் பிறகும் அது குறையவில்லை. ஒரு பொம்மைக்குச் சரிந்துவிடும் பற்று என்றால், அது பெரியவர்களின் பற்று. அவர்களுடையதுதான் பலவீனமாக இருக்கிறது.

நமக்கு எதுக்கு?

இதுதான் எனக்கு அதிகம் வலித்த வாக்கியம். சுகர் லேண்டில் உட்கார்ந்துகொண்டு சொன்ன வாக்கியம் என்பதால்.

அந்த ஊரின் பெயரே கரும்பிலிருந்து வந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தபோது, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவு வழியாகக் கைதிகள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 1878இல் இரண்டு தோட்ட முதலாளிகள் மாநிலத்தின் கைதிகளை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். சொந்த அடிமை செத்தால் முதலாளிக்கு நட்டம். குத்தகைக் கைதி செத்தால் இன்னொருவன் வருவான். பிரேசோஸ் ஆற்றங்கரை நரகம் என்று அந்த இடத்துக்குப் பெயர் விழுந்தது.

2018 பிப்ரவரியில் அங்கே ஒரு கட்டடத்துக்காக மண் தோண்டினார்கள். எலும்பு வந்தது. தோண்டத் தோண்ட 95 பேர். குத்தகைக் கைதிகள். அவர்களில் பதின்ம வயதுக்காரர்களும் இருந்தார்கள். முன்பு சிறைக் காவலராக இருந்த ரெஜினல்ட் மூர் என்பவர், இங்கே புதைகுழிகள் இருக்கும், பார்த்துச் செய்யுங்கள் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் அங்கே கட்டிக்கொண்டிருந்த கட்டடம் என்ன தெரியுமா? பள்ளிக்கூடம்.

நான் மண் பரிசோதனை அறிக்கைகள் பார்த்து வேலை செய்கிறவன். அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் கீழே என்ன இருக்கிறது என்று துளைத்துப் பார்ப்போம். ஊர் விஷயத்திலும் பிள்ளை விஷயத்திலும் மட்டும் ஏன் பார்க்காமல் கட்டுகிறோம் என்று புரியவில்லை.

நமக்கு எதுக்கு என்று கேட்கும் தமிழருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பினாங்கை ஒட்டிய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் யார்? ஒப்பந்தக் கூலியும் அடிமை முறையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். நம்மை யாரும் பிள்ளையோடு பிள்ளையாக விற்கவில்லை. அந்த வித்தியாசத்தை அழித்தால் ஜோவுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தோட்டத்து வரலாற்றை எப்படி எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியும். 'வந்தார்கள், உழைத்தார்கள், நாடு வளர்ந்தது.' நான் எஸ்.பி.எம். எழுதிய காலத்தில் வரலாறு கட்டாயத் தேர்ச்சிப் பாடமாகிவிட்டிருந்தது. ஏ எடுத்தேன். என் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டத்தைப் பற்றி அந்த ஏ எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. அதைப் பற்றி இருபது வயதுக்கு மேல், இலக்கியம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்காவும் அதே பரீட்சை முறையில் வந்தவள்தான். 'லிஸ்டுல இருக்கா?' என்று அவள் கேட்டது டெக்சாஸில் பழகியதில்லை, கிள்ளானிலேயே பழகியது.

நம்மை ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள் என்று மேடைக்கு மேடை குமுறுகிறோம். அதே நாம், இன்னொருத்தனின் பத்தியைப் பிய்த்தெடுக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறோம். சட்டம் கேட்காமலே, ஆசிரியை கேட்காமலே.

அதற்காகப் பிள்ளையிடம் டிராவிஸ் கொடியவன், பொவி அயோக்கியன் என்று சொல்லிக்கொடுக்கச் சொல்லவில்லை. ஜிம் பொவி கடத்தல் அடிமை வியாபாரம் செய்தவர் என்பது உண்மை. அலமோவில் செத்தார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் தெம்பு ஒன்பது வயதில் இருக்கிறது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளை எதற்கும் குற்றவாளி இல்லை, மெக்சிகோ வழிப் பிள்ளை யாருக்கும் எதிரி இல்லை. அவர்களுக்குத் தேவை நடந்தது என்ன, சொன்னது யார், சொல்லாமல் விடப்பட்டவர் யார் என்ற மூன்று கேள்விகள். அலமோ கதையில் அந்த மூன்றுக்கும் ஜோ வருகிறான். இதைவிட நல்ல பாடம் எந்த நான்காம் வகுப்புக்கும் கிடைக்காது.

அக்கா இந்த இதழைப் படிப்பாள். கோபப்படுவாள், படட்டும். அன்றைக்கு நான் பேசாமல் இருந்ததற்கு அவள் மேல் பழி போடவில்லை. அவளோடு சேர்ந்து நானும்தான் அந்தச் சீட்டைப் பிய்த்தேன். ஏழாம் வகுப்பில் அலமோ மறுபடி வரும். அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அடுத்த தடவை பெட்டி செய்யும்போது ஜோவை எடுக்கச் சொன்னால், விருந்தாளியாக இருந்தாலும் பேசுவேன்.